மீன்துறைக் கழிவும் வயல் எருவும்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டு, கடலைக் காணாத உள்நாட்டுக் கிராமம். எனினும் அதற்குக் கிழக்கே புதுச்சேரித் துறையும், தென்கிழக்கே கடலூர்த் துறையும், வடகிழக்கே மரக்காணத்துக் கடற்கரைக் குப்பங்களும் இருக்கின்றன. புதுச்சேரி நேர்க்கோட்டில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அத்துறைகளில் இறங்கும் மீன் செஞ்சி, விழுப்புரம் அங்காடிகளுக்கு நாள்தோறும் வருகின்றது. மீன் வரும் வழியே அதன் கழிவும் வருகின்றது. தலை, செவுள், குடல், செதிள், துடுப்பு, இறாலின் ஓடு ஆகிய இவையெல்லாம் துறையிலும் அங்காடியிலும் குவிந்து, நாய்க்கும் ஈக்கும் இரையாகி, மழைக்காலத்தில் ஓடைகளில் கலக்கின்றன. ஒரு பக்கம் இவ்விதம் சத்து வீணாக, மறுபக்கம் வயலுக்கு எருவில்லை என்ற குறை தீர்ந்தபாடில்லை.

ஆகவே இக்கழிவை எருவாக்கலாமென்று பலர் எண்ணுவது இயல்பே. ஆனால் எண்ணம் நல்லதாயிருந்தும் முறை தவறினால் நிலம் கெடும். மீன் கழிவு எருவாகுமா, நஞ்சாகுமா என்பது வயலில் அன்று, படகு ஒதுங்கும் துறையிலேயே முடிவு செய்யப்படுகின்றது என்பதை விவசாயிகள் முதலில் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

1. துறையில் சேரும் கழிவின் வகைகள்

மீன்பிடி துறையில் திடக்கழிவு மூன்று வகையாகச் சேர்கின்றது.

முதலாவது, உயிர்ப்பொருட் கழிவு. மீனை வெட்டிச் சுத்தம் செய்கையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும், சில இனங்களில் பாதியளவும் கழிவாகின்றது. இறாலில் தலையும் ஓடும் சேர்ந்து ஏறத்தாழப் பாதி எடை.

இரண்டாவது, மட்காத கழிவு. அறுந்த நைலான் வலை, கயிறு, மிதவை, தெர்மாகோல் பெட்டி, பிளாஸ்டிக் பைகள் ஆகியவை இதில் அடங்கும். முற்காலத்தில் பருத்தியாலும் சணலாலும் முறுக்கிய வலை, அறுந்தால் மண்ணோடு மண்ணாயிற்று. நைலான் வலைக்கு அக்குணம் இல்லை. கப்பல்கள் பிளாஸ்டிக்கைக் கடலில் எறிதலாகாதென்று சர்வதேச உடன்படிக்கையின் ஒரு பகுதி 1988-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கப்பற் குப்பையைக் கரையில் பெற்றுக்கொள்ளும் வசதி துறைமுகங்களின் பொறுப்பாயிற்று. கடலில் விழாத குப்பை கரையில் சேருகின்றது. கரையில் அதைத் தனித்து வைக்காவிடில் மீன் குடலோடு ஒன்றாகின்றது.

மூன்றாவது, எண்ணெய்க் கழிவு. விசைப்படகின் இயந்திர எண்ணெய், அதைத் துடைத்த கந்தல், வண்ணப்பூச்சு உரித்த தூள் ஆகியவை இவ்வகை.

இம்மூன்றும் தனித்தனியே இருக்குமானால் முதலாவது எருவாகும். இரண்டாவது மறுசுழற்சித் தொழிலுக்கு மூலப்பொருளாகும். மூன்றாவது உரிய முறையில் அகற்றப்படும். மூன்றும் கலந்த குவியலோ எதற்கும் உதவாது. அதைப் பிரிக்க ஆகும் கூலி, அதனால் வரும் எருவின் விலையை விழுங்கிவிடும்.

2. சத்தும் நீரும்

உலர்ந்த மீன் எருவின் மதிப்பை மற்ற எருக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். நூறு பங்கு எருவில் உள்ள சத்துக்கள் வருமாறு:

மீன் எரு: தழைச்சத்து 4 முதல் 10, மணிச்சத்து 3 முதல் 9, சாம்பல்சத்து 0.3 முதல் 1.5.
கடலைப் பிண்ணாக்கு: தழைச்சத்து 7.3, மணிச்சத்து 1.5, சாம்பல்சத்து 1.3.
வேப்பம் பிண்ணாக்கு: தழைச்சத்து 5.2, மணிச்சத்து 1.0, சாம்பல்சத்து 1.4.
தொழு எரு: தழைச்சத்து 0.5, மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து 0.5.

இக்கணக்கில் மீன் எரு பிண்ணாக்குக்குச் சமமாய் நிற்பதும், முள்ளும் எலும்பும் கலந்திருப்பதால் மணிச்சத்தில் அதை மிஞ்சுவதும் விளங்கும். சாம்பல்சத்தில் மட்டும் அது ஏழை.

ஆயினும் இக்கணக்கு உலர்ந்த எருவுக்கே பொருந்தும். பச்சைக் கழிவில் நான்கில் மூன்று பங்கு நீர். ஒரு டன் பச்சைக் கழிவை வண்டியிலேற்றினால் 750 கிலோ நீரையே சுமக்கின்றோம். அந்த ஒரு டன்னில் உள்ள தழைச்சத்து ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து உண்டு; மானியத்தால் அம்மூட்டை முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றது. இந்நிலையில் ஒரு டன் பச்சைக் கழிவைக் கடற்கரையிலிருந்து மண்டகப்பட்டுக்கு ஏற்றிவரும் வாடகை, அதன் தழைச்சத்தின் விலையைவிடப் பன்மடங்காகும். மணிச்சத்தும் சுண்ணாம்பும் மண்ணுக்கு உயிரூட்டும் கரிமப்பொருளும் யூரியாவில் இல்லை என்பது உண்மையே. அவற்றைச் சேர்த்து மதித்தாலும் நீருக்கு வாடகை கொடுப்பது வீண்செலவு.

இதினின்றும் இரண்டு வழிகள் பெறப்படுகின்றன. தொலைவிலுள்ள துறையின் கழிவு, துறையிலேயே உலர்ந்து எருவாகிக் கிராமத்துக்கு வரவேண்டும். அருகிலுள்ள செஞ்சி, விழுப்புரம் அங்காடிகளின் கழிவு மட்டுமே பச்சையாய் வந்து கிராமத்துக் குவியலில் மட்கலாம்.

3. மேற்குக் கரை கற்பித்த பாடம்

மீனை எருவாக்கும் தொழில் இந்நாட்டுக்குப் புதிதன்று. பழைய சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த மலையாளம், தென் கன்னடம் ஆகிய மாவட்டங்களின் கரையில் மத்தி மீன் ஏராளமாய் விழும் காலங்களில், தின்றும் விற்றும் எஞ்சியதைக் கடற்கரை மணலிலேயே பரப்பிக் காயவைத்து எருவாக விற்று வந்தனர். அவ்வெருவில் மணலும் சேர்ந்தே எடை போடப்பட்டது. வாங்கிய விவசாயி, மீனின் விலைக்கு மணலையும் வாங்கினான். மேலும் மீனின் எண்ணெய் நீங்காமையால் அது மண்ணில் விரைவில் மட்கவில்லை.

மாகாணத்தில் கூட்டுறவுக் கடன் முறையைப் பற்றிய அறிக்கையால் பெயர்பெற்ற சர் பிரெடரிக் நிக்கல்சன், 1905-ஆம் ஆண்டில் மீன்பிடி தொழிலை ஆராயும் பொருட்டு நியமிக்கப்பட்டார். 1907-இல் மீன்துறைக்கெனத் தனிக் காரியாலயம் ஏற்பட்டது. அவர் காலத்தில் மேற்குக் கரையில் புதிய முறை செய்து காட்டப்பட்டது. மத்தியை நீரிலிட்டு வேகவைத்துப் பைகளிலிட்டுத் திருகு செக்கில் பிழிந்து, எண்ணெயைத் தனியே எடுத்து, எஞ்சிய சக்கையைத் தூய தரையில் உலர்த்துவதே அம்முறை. எண்ணெய்க்குத் தனி விலை. சக்கை மீன் குவானோ என்ற பெயரில் உயர்ந்த எரு. செய்முறை எளிதாயிருந்தமையால் கரையோரத்தார் தாமே கொட்டகை அமைத்துத் தொடங்கினர். இத்தகைய சிறு ஆலைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. எரு இலங்கையின் தோட்டங்கள் வரையில் சென்றது.

இவ்வரலாற்றில் இரண்டு படிப்பினைகள் உள. முதலாவது, மணல் நீங்கியபின்பே எருவுக்கு நம்பிக்கையும் விலையும் ஏற்பட்டன. இரண்டாவது, தின்னத்தக்க மீனையே எருவாக்கும் தொழில் நிலைக்காது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மத்திப் பாடு பெரிதும் குறைந்து, 1943-இல் சிறு மத்தி பிடிப்பதற்குச் சென்னை அரசாங்கம் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. ஆகவே எருவுக்கு உரியது கழிவேயன்றி மீனன்று. குஞ்சு மீனை எருவுக்கென்று கேட்டு வாங்கும் விவசாயி, நாளை மீனையும் எருவையும் ஒருங்கே இழப்பான்.

4. விலக்கத்தக்க நான்கு

மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலை அறியாதார் அப்பகுதியில் இல்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், விசித்திரசித்தன் என்ற பெயரால், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் அக்கோயிலை எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகின்றது. அழியக்கூடியவற்றை விலக்கியதாலேயே அக்கோயில் நிலைத்தது. மீன் எருவிலும் நான்கை விலக்கினாலன்றி நிலம் நிலைக்காது.

முதலாவது, உப்பு. உப்பிட்டு உலர்த்திய கருவாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் உப்பு இருத்தலுண்டு. அழுகிய கருவாடு மலிவாகக் கிடைக்கின்றதென்று 100 கிலோ வாங்கி வயலிலிட்டால் 10 கிலோவுக்கு மேற்பட்ட உப்பையும் இட்டதாகும். ஏற்கெனவே கிணற்று நீர் சற்று உவர்ப்பாயுள்ள நிலங்களில் இது பெருந்தீங்கு. உப்பிட்ட கழிவை ஏற்காதிருத்தலே முறை. துறைக் கழிவில் கடல்நீர் ஒட்டியிருக்குமாதலால் நன்னீரில் ஒருமுறை அலசி வடித்தல் வேண்டும்.

இரண்டாவது, மணல். உலர்த்துவது சிமெண்டுத் தரையிலோ தார்ப்பாயிலோ நடைபெறவேண்டும். வாங்குவோர் ஒரு பிடி எருவை நீரிலிட்டுக் கலக்கிப் பார்த்தால் அடியில் தங்கும் மணல் உண்மையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, நைலானும் பிளாஸ்டிக்கும். வலைத்துண்டு உழுபடைக் கலப்பையில் சுற்றிக்கொள்ளும். மேயும் மாடு தின்றால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். சிறு துகளாயினபின் மண்ணினின்றும் அதை எடுப்பார் ஒருவருமில்லை.

நான்காவது, கணவாயின் குடலும் எண்ணெய் படிந்த கழிவும். கணவாயின் ஈரலில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் திரண்டிருக்கும். நெற்பயிரும் கீரையும் அதை மண்ணிலிருந்து உறிஞ்சித் தானியத்திலும் இலையிலும் சேர்க்கக்கூடியவை. ஆகவே கணவாய்க் குடலை எருக்குழியில் சேர்த்தலாகாது. இயந்திர எண்ணெய் படிந்த எதற்கும் இவ்விதியே.

5. உலர் எரு செய்தல்

துறையில் செய்யத்தக்கது இது. கழிவை அன்றன்றே அகன்ற கொப்பரையில் நீர்விட்டு அரைமணி நேரம் வேகவைத்து, சாக்கிலிட்டுப் பிழிந்து, எண்ணெயும் நீரும் நீங்கியபின் மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்த வேண்டும். நன்றாய்க் காய்ந்த சக்கை கையில் நொறுங்கும். இடித்துச் சலித்துச் சாக்கில் கட்டினால் ஒரு டன் பச்சைக் கழிவு ஏறத்தாழக் கால் டன் எடைக்குக் குறைந்து, முன்னைய வாடகையில் நான்கில் ஒரு பங்கில் கிராமத்தை அடையும். மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் இதைச் செய்யவும், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாய் வாங்கவும் ஏற்பாடு செய்துகொண்டால் இருசாராருக்கும் நன்மையுண்டு.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் உலர்த்துதல் இயலாது. அக்காலக் கழிவைக் கடற்கரையில் தாராளமாய்க் கிடைக்கும் சவுக்குச் சருகோடு சேர்த்துக் கரையிலேயே மட்கவைத்தல் தகும்.

6. கிராமத்துக் குவியல்

அருகிலுள்ள அங்காடியின் கழிவைக் கொண்டு செய்யும் மட்கெரு முறை வருமாறு.

இடம்: மேடான, நிழலுள்ள இடமாயிருக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கு 100 அடிக்குள்ளும், ஏரி உள்வாயிலும், நீர்வரத்து வாய்க்காலின் ஓரத்திலும் அமைத்தலாகாது. குழியைவிடத் தரைமேற் குவியலே மேலானது; குழியில் நீர் தேங்கினால் காற்றின்றி அழுகி நாற்றம் பிறக்கும்.

அளவு: மீன் கழிவில் தழைச்சத்து மிகுதி, கரிச்சத்து குறைவு. அதைத் தனியே மட்கவிட்டால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடும். மூக்கை உறுத்தும் நெடி, எரு பறந்துபோவதன் அறிகுறியே. எனவே எடையில் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு உலர்ந்த வைக்கோல், கரும்புத் தோகை, வேர்க்கடலைத் தோல் அல்லது சருகு சேர்த்தல் வேண்டும். செஞ்சிப் பகுதியில் இவற்றுக்குக் குறைவில்லை. வயலில் தோகையை எரிக்கும் வழக்கமும் இதனால் ஒழியும்.

அடுக்கு: அடியில் ஓரடி உயரம் தோகை, அதன்மேல் நான்கு விரற்கடைக் கழிவு, அதன்மேல் ஓரடிச் சருகும் ஒரு கூடை பழைய தொழு எருவும். இவ்விதம் மாற்றி மாற்றி நான்கைந்து அடி உயர்த்தி, ஓரங்களில் கழிவு தெரியாதபடி ஒதுக்கி, உச்சியில் ஓரடிச் சருகு மூடி, நாய் தோண்டாதபடி முட்கிளைகளைப் பரப்பவேண்டும். பிழிந்தால் ஓரிரு துளி கசியுமளவு ஈரம் போதும். சுண்ணாம்பும் சாம்பலும் குவியலில் இடுதலாகாது. அவை அம்மோனியாவை விரட்டும். சிறிது சூப்பர் பாஸ்பேட்டு தூவினால் அது அம்மோனியாவைப் பிடித்து வைக்கும்.

வெப்பம்: சில நாட்களில் குவியலின் உள்ளே 55 முதல் 65 பாகை வரையில் சூடேறும். நடுவில் செருகிய இரும்புக் கம்பியை உருவிப் பிடித்தால் கை பொறுக்காது. இச்சூட்டில் ஈயின் புழுவும் நோய்க் கிருமிகளும் களைவிதையும் மாளும். சூடேறாத குவியலில் ஈரம் மிகுந்திருக்கும், அல்லது சருகு குறைந்திருக்கும். பிரித்து அடுக்குவதே பரிகாரம். மூன்று வாரத்துக்குப்பின் ஒருமுறையும், பின்னர் மாதம் ஒருமுறையும் புரட்டவேண்டும்.

பக்குவம்: மூன்று நான்கு மாதங்களில் எரு கறுத்து உதிரியாகி, மீன் வாடை முற்றும் நீங்கி, முதல் மழையில் நனைந்த மண்ணின் மணம் பெறும். வாடை சிறிதேனும் எஞ்சியிருந்தால் வயலுக்குக் கொண்டுபோதல் கூடாது. பக்குவமான எருவில் சிறிதளவை மண் ஆய்வுக் கூடத்தில் கொடுத்து உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறனை அறிதல் நலம். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகர மட்கெருவுக்கு இவ்வளவு 4 டெசிசீமனுக்கு மேற்படலாகாதென்று வரையறுத்துள்ளது. அவ்வெல்லையே இதற்கும் தக்க அளவுகோல்.

7. காலம்

கிழக்குக் கரையில் மீன்வளம் பெருகும் பொருட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அக்காலத்தில் துறைக் கழிவு மிகவும் சுருங்கும். ஆதலால் பங்குனி முடிவதற்குள் குவியலை அடுக்கி மூடிவிட்டால் ஆடி மாதத்தில் எரு பக்குவமாகிச் சம்பா நாற்று நடவுக்குமுன் கடைசி உழவில் சேரும். ஜூன் நடுவில் படகுகள் மீண்டும் புறப்பட்டபின் அடுக்கும் குவியல் ஐப்பசிக்குப் பயன்படும்.

8. நிலத்தில் இடுதல்

மட்கெரு ஏக்கருக்கு 1 முதல் 2 டன்னும், உலர்ந்த மீன் எருவாயின் 100 முதல் 200 கிலோவும் கடைசி உழவில் பரப்பி மண்ணோடு கலக்கவேண்டும். மேலே கிடந்தால் காக்கையும் நாயும் உழவனுக்கு முன்பே அறுவடை செய்துவிடும். சாம்பல்சத்தின் குறையை அடுப்புச் சாம்பலாலோ பொட்டாஷ் உரத்தாலோ தனியே ஈடுசெய்தல் வேண்டும். முதலாண்டில் நிலமுழுதும் இடாமல் ஒரு பாத்தியில் இட்டு, அடுத்த பாத்தியோடு விளைச்சலை ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகம்.

இறால், நண்டு ஓடுகளுக்குத் தனிச் சிறப்புண்டு. அவற்றில் சுண்ணாம்பும் கைட்டின் என்னும் பொருளும் மிகுதி. சுண்ணாம்பு, நிலக்கடலையின் காய் திரள உதவும். கைட்டினைத் தின்று வாழும் மண்ணுயிர்கள் பெருகுகையில், வேர்முடிச்சுப் புழுவின் முட்டை ஓட்டையும் அவை கரைக்கின்றன. ஓடுகளை உலர்த்திப் பொடித்து, நடவுக்குச் சில வாரங்கள் முன்பே மண்ணில் சேர்த்தல் வேண்டும்.

குறைந்த அளவு கழிவுள்ளவர்கள் மீன் அமிலம் செய்துகொள்ளலாம். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நாட்டுவெல்லம் பொடித்துக் கலந்து, மூடிய வாளியில் நிழலில் வைத்தால் 21 முதல் 30 நாட்களில் தேன்போன்ற பாகு கிடைக்கும். வடிகட்டிப் பத்து லிட்டர் நீருக்கு 50 முதல் 100 மில்லி வரை கலந்து மாலையில் இலைமேல் தெளித்தல் வழக்கம். இது பயிருக்கு ஊக்கம் தருவதேயன்றி அடியெருவுக்கு ஈடாகாது. இத்துறையில் ஆராய்ச்சியும் நடந்து வருகின்றது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், மீன் அங்காடிக் கழிவிலிருந்து மீன்குட்டைக்கும் தோட்டப் பயிருக்கும் உரிய ஊட்டநீர்களைச் செய்து அளித்துள்ளது.

9. கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கவை

ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் மூன்று காரியங்களில் கண்ணாயிருத்தல் வேண்டும். மீன்கடைக்காரர்கள் குடலுக்கு ஒன்றும், ஓட்டுக்கு ஒன்றும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றுமாக மூன்று கூடைகள் வைக்கும்படி செய்தல் முதலாவது. கழிவு வண்டி மூடியிருப்பதையும், அது ஏரிக்கரையில் கொட்டாமல் குவியலுக்கே போவதையும் பார்த்தல் இரண்டாவது. குவியலில் வேலை செய்வோருக்குக் கையுறையும், கைகால் கழுவ நீரும் கிடைக்கச் செய்தல் மூன்றாவது. அறுந்த வலைகளைக் கடற்கரை ஊராட்சிகள் தனியே சேர்த்து மறுசுழற்சி செய்வோருக்கு விற்பது நலம். நைலானை உருக்கி மீண்டும் நூலாக்கலாமாதலின் அதற்கும் விலையுண்டு.

மீனவர் துறையில் பிரித்து வைக்கும் ஒரு கூடை, விவசாயியின் வயலில் பத்து ஆண்டுக் கேட்டைத் தடுக்கின்றது. இதற்குப் புதிய இயந்திரம் ஏதும் வேண்டுவதில்லை. உப்பு, மணல், நைலான், நச்சுக் கழிவு ஆகிய நான்கையும் விலக்கி வந்த எருவையே வாங்குவோமென்று விவசாயிகள் ஒருமித்து உறுதி கொள்வார்களாயின், துறையும் துப்புரவாகும், நிலமும் வளம் பெறும்.